வேதப் புத்தகத்துக்குப் பூட்டுப் போட்டது யார்?

(பல்லாவரத்தில் தோல் பதனிடும் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வாசகசாலைக் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் பேசியதன் வாசகம்)



இன்றைக்குப் பேச வேண்டிய விஷயத்தைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல, நீங்கள்தான். “பைபிளைச் சாதாரண ஜனங்கள் படிக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் கிறிஸ்தவ சபையே தடை போட்டதாமே, அது நிஜமா?” என்று சென்ற கூட்டத்தின் முடிவில் ஒரு தோழர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற இன்னொரு தோழர், “அப்படியெல்லாம் இல்லை, அது விரோதிகள் கட்டிய கதை” என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எந்தக் காலத்தில், எந்த இடத்தில், யாருக்குத் தடை என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். மதத்தைக் கேலி செய்ய நான் இங்கே நிற்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய நம்பிக்கை அவருடையது. ஆனால் ஒரு புத்தகத்தை யார் கையில் வைத்திருந்தான், யார் கையிலிருந்து பிடுங்கினான் என்பது சரித்திரம். சரித்திரம் எல்லோருக்கும் சொந்தம்.

பல்லாவரத்திலிருந்து ரயில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் பரங்கிமலை. மலைமேல் மாதா கோயில் இருக்கிறது. உங்களில் பலர் படியேறிப் போயிருப்பீர்கள். அங்கே பீடத்தில் ஒரு கற்சிலுவை பதித்திருக்கிறது. 1547-ல் போர்ச்சுக்கீசியர் அஸ்திவாரம் தோண்டும்போது அகப்பட்டது. சிலுவையைச் சுற்றி வரிசையாக எழுத்து வெட்டியிருக்கிறது. என்ன எழுத்து? அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. ஒரு பிராமண பண்டிதரை வரவழைத்துப் படிக்கச் சொன்னார்கள். அவர் கூச்சப்படாமல் தோமையாரின் சரித்திரத்தையே நீளமாகப் படித்துக் காட்டினார்! போர்ச்சுக்கீசியரும் ஆனந்தமாக எழுதிவைத்துக்கொண்டார்கள். முன்னூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1873-ல், பர்னல் என்ற வெள்ளைக்கார ஜட்ஜ் அது பஹ்லவி எழுத்து, பழைய பாரசீகத்தாருடையது என்று கண்டுபிடித்து வெளியிட்டார். இருப்பது ஒரு சிறு ஜெப வாசகம். அதையும் இன்னபடிதான் படிக்க வேண்டும் என்பதில் பண்டிதர்களுக்குள்ளே இன்னும் கருத்து வேற்றுமை.

அந்த எழுத்தை ஜனங்கள் தொட்டுக் கும்பிட்டார்கள், முத்தமிட்டார்கள். கல் வியர்க்கிறது என்றார்கள். எழுத்துக்கு முன் மண்டியிட்டவர்களுக்கு எழுத்து என்ன சொல்கிறது என்று தெரியாது. தெரிந்ததாகச் சொன்னவர் தம் இஷ்டத்துக்குச் சொன்னார். இது ஒரு மலையில், ஒரு கல்லுக்கு நடந்தது என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மேற்கு ஐரோப்பாவில் ஏறத்தாழ ஆயிரம் வருஷ காலம் வேதப் புத்தகத்தின் கதையே பெரும்பான்மை ஜனங்களுக்கு இப்படித்தான் இருந்தது.

ஜனங்களின் பாஷை எப்படிக் குருமார் பாஷை ஆயிற்று?

பைபிளின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய பாஷையில் எழுதப்பட்டது. புதிய ஏற்பாடு கிரேக்கம். அதுவும் பண்டிதக் கிரேக்கம் அல்ல. கடைவீதியிலும் துறைமுகத்திலும் ஜனங்கள் பேசிய கிரேக்கம். ரோம சாம்ராஜ்யத்தின் மேற்குப் பாதியில் ஜனங்கள் லத்தீன் பேசினார்கள். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று 382-ல் தொடங்கி ஜெரோம் என்ற துறவி லத்தீனில் மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்புக்குப் பிற்காலத்தில் வழங்கிய பெயர் ‘வுல்காத்தா’. பொதுஜனங்களுக்குரியது என்று அர்த்தம்!

பிறகு சாம்ராஜ்யம் விழுந்தது. ஜனங்களின் பேச்சு மாறியது. லத்தீனிலிருந்து பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலி பாஷைகள் பிறந்தன. வடக்கே ஜெர்மன், ஆங்கிலம் என்று வேறு குடும்பத்துப் பாஷைகள். ஜனங்கள் நகர்ந்துவிட்டார்கள், புத்தகம் மட்டும் லத்தீனில் நின்றுவிட்டது. எந்தப் பாஷை ஜனங்களுக்குப் புரிவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ அதே பாஷை ஜனங்களுக்கு முன்னால் சுவராக எழும்பியது. குடியானவன் கோயிலுக்குப் போனான். குருவானவர் லத்தீனில் பூசை சொன்னார். குடியானவன் காதில் விழுந்தது சத்தம். கிராமத்துக் குருவானவர்களிலேயே பலருக்கு லத்தீன் அரைகுறை. மனப்பாடமாக ஒப்பித்தார்கள். கதை தெரிய வேண்டுமானால் சுவரில் எழுதிய சித்திரமும், ஜன்னல் கண்ணாடியில் தீட்டிய படமும், திருவிழாவில் போட்ட நாடகமும்தான். அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. நமக்கும் தெருக்கூத்துதான் பாரதம் சொல்லிக் கொடுத்தது. ஆனால் எந்தக் கதையைக் காட்டுவது, எதை விடுவது என்பது காட்டுகிறவன் கையில் இருக்கிறது.

அடுத்தது விலை. இது உங்களுக்கு, தோல் ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்கு, என்னைவிட நன்றாகப் புரியும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் புத்தகம் தோலில் எழுதப்பட்டது. கன்றுக்குட்டித் தோல், ஆட்டுத் தோல். சுண்ணாம்புக் குழியில் ஊறப் போட்டு, மயிர் கழித்து, சதை சீவி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்து, வளைந்த கத்தியால் மெலிசாகச் சுரண்டுவார்கள். பட்டை போட்டோ குரோம் போட்டோ பதனிடுவதில்லை. அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நாகல்கேணியில் நீங்கள் செய்து கை வெந்த வேலைதான். குரோம் லெதர் கம்பெனியின் பெயரையே ஊர்ப் பெயராகச் சுமக்கிற குரோம்பேட்டைக்காரருக்கு ஒரு தோலின் விலை என்ன என்று நான் சொல்ல வேண்டாம். பெரிய அளவில் ஒரு முழு பைபிளைத் தோலில் ஆக்க ஏறக்குறைய 170 கன்றுகளின் தோல் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு மந்தை! அதற்கு மேல் ஒருவன் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் உட்கார்ந்து கையால் எழுத வேண்டும். இந்தப் பொருளை வைத்திருக்கக்கூடியவன் யார்? மடம், பிஷப்பு, ராஜா, பிரபு. தோலை உரித்தவனும் ஊறப்போட்டவனும் அதில் என்ன எழுதப்பட்டது என்று அறியாமலேயே செத்தான்.

ஆகவே ஆரம்ப நூற்றாண்டுகளில் தடைச் சட்டம் என்று ஒன்று தேவைப்படவே இல்லை. ஏழைக்குப் பாஷை தெரியாது, எழுத்து தெரியாது, வாங்கக் காசு கிடையாது. மூன்று பூட்டு போட்ட பெட்டிக்கு நான்காவது பூட்டு எதற்கு?

நான்காவது பூட்டு, யாரோ ஒருவன் பெட்டியைத் திறந்தபோது வந்தது.

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் வால்டோ என்று ஒரு பணக்கார வியாபாரி. 1170-களில் தம் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, பைபிளின் பகுதிகளைத் தம் ஊர்ப் பேச்சுமொழியில் மொழிபெயர்க்கச் செய்தார். அவருடன் சேர்ந்தவர்கள், ஆண்களும் பெண்களும், மனப்பாடம் செய்துகொண்டு தெருத்தெருவாகப் பிரசங்கம் செய்தார்கள். அனுமதியில்லாமல் பேசாதே என்றது சபை. அவர்கள் கேட்கவில்லை. 1184-ல் மதப்பிரஷ்டம். தெற்கு பிரான்சில் வேறு மாறுபட்ட கூட்டங்களும் பரவியிருந்தன. அவர்கள் மீது இருபது வருஷம் யுத்தமே நடந்தது. அது முடிந்த கையோடு, 1229-ல், துலூஸ் நகரில் கூடிய சபை மாநாடு விதி செய்தது: பாமரர்கள் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு புத்தகங்களை வைத்திருக்கக் கூடாது. சங்கீதப் புத்தகமும் சில ஜெபப் புத்தகங்களும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவையும் பேச்சுமொழியில் இருக்கக் கூடாது. அதே மாநாடுதான் ஊருக்கு ஊர் ஒரு குருவானவரையும் இரண்டு மூன்று பேரையும் நியமித்து வீடுவீடாகச் சோதனை போடவும் உத்தரவிட்டது. சோதனை என்றால் என்னவென்று நம் இயக்கத்தின் மூத்த தோழர்களைக் கேளுங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த விதி ஒரு பிரதேசத்துக்கு, ஒரு காலத்துக்குப் போடப்பட்டது. ஐரோப்பா முழுவதிலும், எல்லா நூற்றாண்டிலும் ஒரே மாதிரித் தடை இருந்தது என்று சொன்னால் அது பொய். ஜெர்மனியில் லூதர் மொழிபெயர்ப்பதற்கு முன்பே, 1466 முதற்கொண்டு பதினெட்டு ஜெர்மன் பைபிள் பதிப்புகள் அச்சாகியிருந்தன. நம் கோயிலுக்குப் போகிற தோழர் சொன்னதில் இவ்வளவு நியாயம் உண்டு. பிரபு வீட்டு அலமாரியில் ஜெர்மன் பைபிளோ பிரெஞ்சு பைபிளோ இருந்தால் எந்த பிஷப்புக்கும் தூக்கம் கெடவில்லை. நெசவாளியும் செருப்புத் தைப்பவனும் ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு கூடிப் படித்தார்கள் என்றால்தான் கட்டைகள் அடுக்கப்பட்டன.

ஏன்? சபை அப்போது வெறும் ஜெபக்கூடம் அல்ல. மிகப் பெரிய நிலப்பிரபு. நம் தஞ்சைச் சீமை மடாதிபதிகளை நினைத்துக்கொள்ளுங்கள்; அதைப் பலமடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். விளைச்சலில் பத்தில் ஒன்று சபைக்குத் தசமபாகம். அதற்கு மேல் குத்தகை, வெட்டி வேலை. இதெல்லாம் ஆண்டவன் கட்டளை என்று சொல்லப்பட்டது. படித்துப் பார்த்தவன் என்ன கண்டான்? சுவிசேஷத்தில் போப்பாண்டவர் இல்லை, பிஷப்பின் அரண்மனை இல்லை, பண்ணையடிமை முறி இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளிலோ ஆதி விசுவாசிகள் நிலத்தை விற்றுப் பொதுவில் போட்டு, அவரவர் தேவைக்கு ஏற்பப் பகிர்ந்துகொண்டார்கள் என்று இருந்தது. ஏழையின் கையில் அந்தப் பக்கம் போனால் பண்ணையாருக்கு என்ன ஆகும்?

இது வெள்ளைக்காரன் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். வேதம் ஓதுவதைச் சூத்திரன் வேண்டுமென்றே கேட்டால் அவன் காதில் உருக்கிய ஈயமோ அரக்கோ ஊற்று, ஓதினால் நாக்கை அறு என்று கௌதம தர்ம சூத்திரம் எழுதிவைத்திருக்கிறது. அங்கே புத்தகத்துக்குப் பூட்டு. இங்கே காதுக்கே பூட்டு! தாம்பரத்திலிருந்து மேற்கே பஸ் ஏறினால் போய்ச் சேருகிற ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், ரகசியம் என்று உபதேசிக்கப்பட்ட மந்திரத்தைத் திருக்கோஷ்டியூரில் கோபுரத்தின் மேல் ஏறிக் கூவினார் என்று வைஷ்ணவர்கள் சொல்லும் வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையை இத்தனை நூற்றாண்டாக ஜனங்கள் மறக்காமல் சொல்கிறார்களே, அதைக் கவனியுங்கள்.

சட்டத்தில் நம் பெயர்

இங்கிலாந்துக்கு வருவோம். 1381-ல் அங்கே குடியானவர்கள் பெரும் கலகம் செய்து லண்டனுக்குள் புகுந்தார்கள். அவர்களுக்குப் பிரசங்கம் செய்தவர் ஜான் பால் என்ற ஏழைப் பாதிரியார். ஆதியில் கடவுள் எவனையும் எஜமானாகப் படைக்கவில்லை என்று ஆதாம் ஏவாள் கதையை வைத்தே பேசினார். அவரைத் தூக்கிலிட்டு உடலை நான்காகப் பிளந்தார்கள். அதே சமயத்தில் ஆக்ஸ்போர்டில் ஜான் விக்ளிஃப் என்ற பேராசிரியரும் அவருடைய சிஷ்யர்களும் பைபிளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். விக்ளிஃப் கலகக்காரர் அல்ல, பிரபுக்களின் ஆதரவில் இருந்தவர். ஆனால் புத்தகம் அவரோடு நிற்கவில்லை. 1401-ல் மதவிரோதிகளை உயிரோடு கொளுத்தச் சட்டம் வந்தது. 1409-ல் பிஷப்பின் அனுமதியில்லாத ஆங்கில மொழிபெயர்ப்புகள் படிக்கத் தடை. 1384-லேயே செத்துப் புதைக்கப்பட்ட விக்ளிஃபை 1428-ல் தோண்டியெடுத்து, எலும்பைக் கொளுத்தி, சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். செத்தவன்மீது எவ்வளவு பயம்!

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கையெழுத்துப் பிரதிகளில் இருநூற்றைம்பதுக்கு மேல் இன்றைக்கும் மிஞ்சியிருக்கின்றன. கொளுத்தியது போக மிஞ்சியது அவ்வளவு. எப்படிக் காப்பாற்றினார்கள்? முழுப் புத்தகம் பெரும்பாலோரிடம் இல்லை. ஒருவரிடம் நாலு தாள், இன்னொருவரிடம் பத்துத் தாள். பீடிக் கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் இலை சுருட்டிக்கொண்டே கேட்பார்கள் அல்லவா? அதேபோல எழுத்துத் தெரிந்த ஒருவர் படிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். ஒரு குடியானவர் சில அதிகாரங்களை வாங்க ஒரு வண்டி வைக்கோலைக் கொடுத்தார் என்று ஃபாக்ஸ் என்ற சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். ஒரு வண்டி வைக்கோல் என்றால் மாட்டுக்கு எத்தனை நாள் தீனி என்று விவசாயத் தோழர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1455-ஐ ஒட்டி ஜெர்மனியில் கூட்டன்பர்க் அச்சில் பைபிளைக் கொண்டுவந்தார். கந்தல் துணியிலிருந்து செய்த காகிதம் தோலின் இடத்தைப் பிடித்தது. விலைப் பூட்டு கழன்று விழ ஆரம்பித்தது. வில்லியம் டின்டேல் என்ற ஆங்கிலேயர் நாட்டைவிட்டு ஓடி, 1526-ல் ஜெர்மனியில் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார். துணி மூட்டைகளுக்குள் ஒளித்து இங்கிலாந்துக்குக் கடத்தினார்கள். லண்டன் பிஷப்பு பிடித்துக் கொளுத்தினார். 1536-ல் டின்டேலைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தார்கள். சரி, அதற்குள் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி போப்பாண்டவருடன் சண்டை போட்டுக்கொண்டு தனிச் சபை கண்டுவிட்டார். ஒவ்வொரு கோயிலிலும் பெரிய ஆங்கில பைபிள் வைக்க உத்தரவு போட்டார். பூட்டுத் திறந்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

இங்கேதான், தோழர்களே, நான் ஆயிரம் வருஷக் கதை சொன்னதன் விஷயம் இருக்கிறது. அதே ராஜாவின் பார்லிமெண்டு 1543-ல் ஒரு சட்டம் செய்தது. யார் யார் ஆங்கில பைபிளைப் படிக்கலாம் என்று வகைப்படுத்திய சட்டம். பிரபுக்களும் கனவான்களும் தம் வீட்டில் குடும்பத்துக்குப் படித்துக் காட்டலாம். வியாபாரிகள் தனியாகப் படிக்கலாம். சீமாட்டிகள் தமக்குத்தாமே படித்துக்கொள்ளலாம், பிறருக்குப் படிக்கக் கூடாது. யார் படிக்கக் கூடாது? சட்டம் பட்டியல் தருகிறது: மற்றப் பெண்கள், கைத்தொழிலாளிகள், தொழில் பழகும் பையன்கள், கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளிகள், வேலைக்காரர்கள், உழவர்கள், விவசாயக் கூலிகள்.

கேட்டீர்களா? கத்தோலிக்கன் படிக்கக் கூடாது என்றோ, மதவிரோதி படிக்கக் கூடாது என்றோ அது சொல்லவில்லை. மில் தொழிலாளி படிக்காதே, விவசாயத் தொழிலாளி படிக்காதே, அப்ரண்டிஸ் படிக்காதே, உன் பெண்டாட்டி படிக்காதே என்கிறது. வர்க்கம் வர்க்கமாகப் பிரித்து எழுதியிருக்கிறது! மார்க்ஸ் பிறப்பதற்கு 275 வருஷத்துக்கு முன்பே, வர்க்கம் என்று ஒன்று உண்டு என்பதை ஆளும் கூட்டத்தார் தங்கள் சட்டப் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஹென்றி செத்த பிறகு 1547-ல் அந்தச் சட்டம் ரத்தாயிற்று.

அவர்கள் பயம் வீணானதல்ல. 1525-ல் ஜெர்மனியில் நடந்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். லூதர் 1522-ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் வெளியிட்டார். மூன்று வருஷம் ஆகவில்லை, மெம்மிங்கன் நகரில் குடியானவர்களின் பன்னிரண்டு கோரிக்கைகள் அச்சாகி வந்தன. எழுதியவர்களில் ஒருவர் செபாஸ்டியன் லோட்ஸர், மயிர்த்தோல் உடை தைக்கும் தொழிலாளி. தோல் தொழிலாளித் தோழர்கள் நிமிர்ந்து உட்காரலாம்! ஊர்க் குருவை நாங்களே தேர்ந்தெடுப்போம்; தசமபாகம் குருவின் ஜீவனத்துக்கும் ஊர் ஏழைகளுக்கும் போகட்டும்; காட்டில் விறகும் ஆற்றில் மீனும் எல்லோருக்கும் பொது; பிடுங்கிய மேய்ச்சல் தரையைத் திருப்பிக் கொடு; குத்தகையை நியாயமாக்கு; வீட்டில் சாவு விழுந்தால் விதவையிடமும் அநாதையிடமும் வசூலிக்கும் வரியை எடு; கிறிஸ்து எல்லோரையும் ரத்தம் சிந்தி மீட்டார் என்றால் நாங்கள் எப்படி உங்கள் அடிமை? ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கத்தில் பைபிள் வசனத்தின் எண்ணைப் போட்டார்கள். கடைசியில், இதில் எதையாவது வேதத்துக்கு விரோதம் என்று நிரூபித்தால் வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்றும் எழுதினார்கள். எவ்வளவு அடக்கமான சவால்!

பதில் வசனத்தில் வரவில்லை, பீரங்கியில் வந்தது. லூதரே, அவர்களுக்குப் புத்தகத்தைக் கொடுத்த லூதரே, பிரபுக்கள் பக்கம் நின்று, குடியானவர்களை வெட்டித் தள்ளுங்கள் என்று துண்டுப் பிரசுரம் எழுதினார். குடியானவர்களோடு நின்ற பாதிரியார் தாமஸ் மூன்ட்சரைப் பிடித்துச் சித்திரவதை செய்து தலையை வெட்டினார்கள். செத்தவர்கள் எழுபதினாயிரத்திலிருந்து லட்சம் வரை என்கிறார்கள். எங்கெல்ஸ் 1850-ல் இந்த யுத்தத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

தமிழ்க் கரையில்

இனி நம் கடற்கரை. 1542-ல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஜெபங்களைத் தமிழில் பெயர்த்துப் பிள்ளைகளைக் கொண்டு ஒப்பிக்கச் செய்தார். பின்னால் வந்த அண்ட்ரிக் பாதிரியார் தமிழை நன்றாகக் கற்றவர். 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற பதினாறு பக்கப் புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய பாஷை ஒன்றின் எழுத்தில் இந்த மண்ணில் அச்சான முதல் புத்தகம் என்று அதைச் சொல்கிறோம், பெருமைப்படுவதும் நியாயம். அடுத்த வருஷம் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’, பிறகு பாவசங்கீர்த்தனப் புத்தகம், அடியார்களின் வரலாறு. எல்லாம் வந்தது. பைபிள் வரவில்லை! சும்மா விட்டுப்போனதா? 1564-ல் ரோமாபுரி வெளியிட்ட தடைப் புத்தகப் பட்டியலின் விதிகளில், பேச்சுமொழி பைபிளைப் படிக்க விரும்புகிறவன் பிஷப்பிடமோ மத விசாரணை அதிகாரியிடமோ எழுத்தில் அனுமதி பெற வேண்டும் என்று இருந்தது. ஜெர்மனியில் விழுந்த அடி பரவர் குப்பம் வரை எதிரொலித்தது என்பது என் அபிப்பிராயம்.

அச்சில் தமிழ்ப் புதிய ஏற்பாடு வர 1714, 1715 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டென்மார்க் ராஜா அனுப்பிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். டேனிஷ் கம்பெனியின் கோட்டை அதிகாரியோடு மோதல் வந்து 1708 முடிவில் நான்கு மாதம் போல ஜெயிலில் கிடந்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த எழுத்து பெரிது, காகிதமோ பஞ்சம். ஆகவே சிறிய எழுத்துக்களைப் பொறையாற்றிலேயே வார்த்தார்கள். அவருடைய தமிழை வீரமாமுனிவர் எழுத்திலேயே கடுமையாகப் பரிகாசம் செய்தார். தமிழ் நடையைப் பொறுத்தவரை முனிவர் கட்சிதான் சரி. ஆனால் முனிவர் பக்கத்தார் அன்றைக்குத் தமிழ் பைபிள் அச்சடித்துக் கொடுக்கவில்லை.

கத்தோலிக்க சபையில் பிற்காலத்தில் தமிழ் பைபிள்கள் வந்தன. ஆனாலும் பூசை லத்தீனிலேயே நடந்தது. 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான், வேதப் புத்தகம் விசுவாசிகள் எல்லோருக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தது. பூசையும் ஜனங்களின் பாஷைக்கு வந்தது. இந்தக் கூட்டத்தில் எழுபது தாண்டிய கிறிஸ்தவப் பெரியவர்கள் இருக்கிறார்கள். சிறுவயதில் லத்தீனில் பதில் சொன்னது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தலையாட்டுகிறார்களே! அர்த்தம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. இதைச் சொல்லி நாம் சிரிக்கவும் முடியாது. ஃபாக்டரி நிலையாணைகளை இங்கிலீஷிலும், பெரும்பான்மைத் தொழிலாளிக்குப் புரிகிற பாஷையிலும் வாசலருகே ஒட்ட வேண்டும் என்று 1946-ல் சட்டம் வந்தது. எத்தனை வாசலில் அது தமிழில் ஒட்டியிருந்தது, எத்தனை பேர் அதை நின்று படித்தோம் என்று நமக்குத் தெரியும்.

தரங்கம்பாடிக்கே திரும்புகிறேன். ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. அவர் பெயர் ராஜநாயக்கன். தஞ்சாவூர் ராஜாவின் பட்டாளத்தில் சேர்வைக்காரர். பறையர் குலத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். எழுத்துத் தெரிந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் அவர் கைக்கு வந்தன. பாதிரியார் யாரும் பக்கத்தில் இருந்து அர்த்தம் சொல்லவில்லை. தாமே படித்தார். படித்துத் தெளிந்து தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தார். 1720-களின் கடைசியில் நடந்தது இது. துலூஸ் மாநாடு பயந்ததும், ஹென்றியின் பார்லிமெண்டு பயந்ததும் இப்படிப்பட்ட ஒரு வாசகனைப் பார்த்துத்தான். அவர் உபதேசியாராகித் தஞ்சாவூர்ச் சீமை முழுவதும் நடந்தார். விரோதம் பலமாக இருந்தது. அவர் பின்வாங்கவில்லை.

தமிழர் ஒருவரைக் குருவாக்க வேண்டும் என்று மிஷன் யோசித்தபோது ராஜநாயக்கன் பெயரும் எழுந்தது. தகுதியில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று பாதிரிமார்கள் தயங்கினார்கள். அந்தக் கோயிலிலேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்துத்தான் உட்காரவைத்திருந்தார்கள். 1733-ல் வேளாளரான ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். 1741-ல் அடுத்தவர், தியோகு. ராஜநாயக்கன் 1771-ல் இறக்கும் வரை உபதேசியாராகவே வேலை செய்தார்.